மூடிக்குக் கீழே ஒரு காலி இடம்

"மாமா, வேற லேப்டாப்தான் வாங்கணும்போல."

அக்கா மகன் போனில் இதைச் சொன்னபோது மணி இரவு பத்தரை. கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். கல்லூரியில் சேர்ந்தபோது அக்கா தவணையில் வாங்கிக் கொடுத்த கேமிங் லேப்டாப் அது. கடைசித் தவணை கட்டி முடித்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

"ஏன்டா, கீழே போட்டுட்டியா?"

"இல்ல மாமா. டிஸ்க் ஃபுல். சி டிரைவ் செவப்பாயிருச்சு. ப்ராஜெக்ட் ஃபைலைச் சேவ் பண்ணக்கூட இடமில்ல."

"கேம் எத்தனை வச்சிருக்கே?"

"மூணுதான் மாமா."

அவன் சொன்னது பொய்யில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பது 150 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 கேட்பதும் அதே 150. ஜிடிஏ 5-ஐயும் போட்டால் இன்னும் ஒரு 100 போய்விடும். அவன் லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி. அதையும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். விண்டோஸும் பாடத்துக்கான மென்பொருள்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பையனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

"அடி மூடியைக் கழற்றிப் பார்த்தியா? உள்ளே இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கலாம்."

"ஐயோ மாமா, அதெல்லாம் நாம தொடக் கூடாதுல்ல?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். காஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாத வீடு நம் ஊரில் கிடையாது. ஆபத்து என்று பார்த்தால் அது எத்தனையோ மடங்கு பெரிய வேலை. ஆனால் சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பின் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூக்களைத் தொட, இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளையே பயப்படுகிறான். அந்தப் பயத்தால் அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று மறுபடி கடன் வாங்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிடுகிறது. உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அக்கா தவணை கட்டியிருக்கிறாள்.

கேமிங் லேப்டாப்பில் மட்டும் ஏன்?

பத்து வருஷத்துக்கு முன்பு கேமிங் லேப்டாப் என்றால் உள்ளே இரண்டு டிஸ்க் இருப்பது சாதாரணம். எஸ்எஸ்டி விலை அதிகம் என்பதால் விண்டோஸுக்கு மட்டும் 128 ஜிபியில் ஒன்றைச் சின்னதாக வைத்து, விளையாட்டுகளுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க்கைப் பக்கத்தில் போடுவார்கள். அப்புறம் எஸ்எஸ்டி விலை இறங்கியது, சுழலும் ஹார்டு டிஸ்க் லேப்டாப்பை விட்டே போய்விட்டது. ஆனால் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் விடும் பழக்கம் கேமிங் வகையில் பெரும்பாலும் நின்றுவிடவில்லை. இரண்டு எம்.2 ஸ்லாட் வைத்து, ஒன்றை நிரப்பி, ஒன்றைக் காலியாக விட்டே விற்கிறார்கள்.

மெல்லிய லேப்டாப்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள், சிலவற்றில் எஸ்எஸ்டியையும். வாங்கிய அன்று எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். கேமிங் லேப்டாப் தடியானது, எடையானது, ஃபேன் சத்தம் போடுவது என்று குறை சொல்கிறோம். அந்தத் தடிமன்தான் உரிமையாளரின் கை உள்ளே போவதற்கு இடம் தந்திருக்கிறது. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அந்த எம்.2 எஸ்எஸ்டியை முதன்முறை கையில் எடுப்பவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். கடைக்காரர்கள் 2280 என்று சொல்வது இந்த இரண்டு அளவுகளைத்தான். 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள்தான், இன்றைய கணக்கில் 4 எம்பிகூட இல்லை. சுழலும் தட்டே வேண்டாம் என்று ஆக்கிய நேண்ட் ஃப்ளாஷ், தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு. 1987-ல் உலகுக்கு அறிமுகமானது. அதன் பேரப்பிள்ளைதான் நம் கையில் இருக்கும் இந்த விரல் நீளப் பலகை.

வாங்கும் முன்பே வரும் தவறு

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் திருப்புளியை எடுப்பதற்கு முன்பே, கடையிலேயே நடந்து விடுகின்றன. எனக்கும் நடந்தது. சில வருஷங்களுக்கு முன் என் லேப்டாப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தியது, ஸ்க்ரூவும் ஏறியது. லேப்டாப்பை ஆன் செய்தால் அப்படி ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. பிறகுதான் புரிந்தது: நான் வாங்கியது சாட்டா வகை, என் ஸ்லாட் என்விஎம்இ மட்டும் ஏற்கும் வகை. கவரைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அந்த வடிவத்துக்குள் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. சாட்டா பழையது, நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். 2011-ல் தரப்படுத்தப்பட்ட என்விஎம்இ, பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடுவது. மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு 3,500 எம்பி வரை, நான்காம் தலைமுறையில் 7,000 வரை போகும். பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டு. தங்க நிறப் பற்கள் இருக்கும் முனையில் சாட்டா வகைக்கு இரண்டு வெட்டு, என்விஎம்இக்குப் பெரும்பாலும் ஒரே வெட்டு. ஆனால் உங்கள் ஸ்லாட் எந்தப் பேச்சைக் கேட்கும் என்பதை வெட்டை வைத்து ஊகிக்காதீர்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்கான சர்வீஸ் கையேட்டைத் தேடுங்கள். டெல், லெனோவோ, ஹெச்பி எல்லாரும் இதை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த ஸ்லாட்டில் எது பொருந்தும் என்று படத்தோடு இருக்கும்.

முழு எண் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்கள் உள்ளே ஒன்றாக இருப்பதில்லை. சின்ன பேட்டரி போட்ட வகையில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருக்கும். பெரிய பேட்டரி வகையில் அந்த இடத்தை பேட்டரியே எடுத்துக்கொண்டிருக்கும். இடம் இருந்தும், டிஸ்க்கைப் பலகையோடு இணைக்கும் பட்டைக் கேபிளும் தாங்கியும் பெட்டியில் வராத மாடல்களும் உண்டு. அவற்றைத் தனியாக வாங்க வேண்டும்.

பையன் செமஸ்டர் லீவில் சென்னை வந்ததும் இருவரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடையில் கேட்ட முதல் கேள்வியே, "ஜென் த்ரீயா, ஜென் ஃபோரா தம்பி?" பையன் ஜென் ஃபைவ் வேண்டும் என்றான். வேகமான எண்ணைக் கேட்பது அந்த வயதின் இயல்பு. ஆனால் ஸ்லாட் எந்தத் தலைமுறையோ அந்த வேகத்துக்கு மேல் எதுவும் ஓடாது. அதோடு, ஐந்தாம் தலைமுறை டிஸ்க்குகள் கக்கும் சூட்டுக்கு லேப்டாப்புக்குள் இடமில்லை. முதுகில் தடிமனான உலோகப் பட்டை ஒட்டி விற்கிறார்களே, அவை மேசைக் கம்ப்யூட்டருக்கு. லேப்டாப்பில் வைத்தால் மூடி மூடாது. வெறும் பலகையாக, முடிந்தால் ஒரு பக்கம் மட்டும் சிப் இருப்பதாக வாங்குவது நல்லது.

விளையாட்டுக்கு எவ்வளவு வேகம் போதும்? ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறைக்கு மாறினால், இன்றைய பெரும்பாலான விளையாட்டுகளில் கடிகாரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டியோடு வந்தது. 2021 செப்டம்பரில் சோனி அதன் எம்.2 ஸ்லாட்டையும் பயனருக்குத் திறந்துவிட்டது. எஸ்எஸ்டியிலிருந்து தரவை விளையாட்டுக்கு வேகமாக ஊட்டும் டைரக்ட் ஸ்டோரேஜ் 2022-ல் விண்டோஸுக்கு வந்தது. 2023-ல் ஸ்டார்ஃபீல்டு, எஸ்எஸ்டி கட்டாயம் என்றே அறிவித்தது. அதனால் இரண்டாவது இடத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் போட்டு அதிலிருந்து விளையாடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். படங்களும் கல்யாண வீடியோக்களும் வைக்க அது போதும்.

அட்டையில் டிஎல்சி, கியூஎல்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு செல்லுக்குள் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது கியூஎல்சி. கியூஎல்சி விலை குறைவு, ஆயுளும் குறைவு. ஆயுளை டிபிடபிள்யூ என்ற கணக்கில் அச்சிடுகிறார்கள்: மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று. நல்ல 1 டிபி டிஎல்சி டிஸ்க்குக்கு 600 என்று பார்க்கலாம். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அது தீர 12,000 நாள், கிட்டத்தட்ட 33 வருஷம். பையன் இந்தக் கணக்கைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குப் புள்ள பொறந்து அதுவும் காலேஜ் போயிரும் மாமா" என்றான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க விலை ஏறியது. இப்போது ஏற்றுவது வேறு வெள்ளம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. நம் ஊரில் பலரும் வாங்கிக்கொண்டிருந்த குரூஷியல் பெயரிலான சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. காலியாக ஒரு ஸ்லாட் இருந்தால், பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இந்த நேரத்தில் உண்மையான பணம்.

இட்லித் தட்டு

வீட்டுக்கு வந்ததும் பையன் நேரே திருப்புளியைத் தேடினான். நான் முதலில் லேப்டாப்பை ஆன் செய்யச் சொன்னேன். பல புதிய லேப்டாப்களில் விண்டோஸ், டிஸ்க்கைத் தானே பூட்டி வைத்திருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர். வன்பொருளிலோ பயாஸிலோ மாற்றம் தெரிந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கலாம். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் திறக்காதீர்கள். முக்கியமான ஃபைல்களையும் வெளியே ஓர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் முழுதாக ஷட் டவுன். மூடி வைத்தால் தூங்குமே, அது போதாது. சார்ஜரையும் பிடுங்கிவிட வேண்டும். மேசை மேல் பருத்தித் துணி விரித்தோம். பாலியஸ்டர் பெட்ஷீட் வேண்டாம், நிலைமின்சாரம் சேரும். சென்னையின் புழுக்கத்தில் அந்தப் பயம் குறைவு. ஏசி அறையில் காற்று காய்ந்திருக்கும். எதற்கும் குளியலறைக் குழாயைத் தொட்டுவிட்டு வரச் சொன்னேன்.

ஸ்க்ரூ கழற்றுவதில் ஒரு விஷயம் உண்டு. எல்லாம் ஒரே நீளம் இல்லை. திரை மடியும் பக்கம் பெரும்பாலும் நீளமானவை, முன்பக்கம் குட்டையானவை. நீளமானதைக் குட்டைக்கு உரிய ஓட்டையில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் குத்திக்கொண்டு வரும். எது எங்கிருந்து வந்தது என்று இடம் மாறாமல் வைக்க வேண்டும். என் மனைவி அடுக்களையிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டோம். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை.

ஸ்க்ரூ எல்லாம் வந்தபிறகும் மூடி வராது. சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் செருகி மெதுவாக நகர்த்த வேண்டும். டக், டக் என்று சத்தம் வரும். முதல் சத்தத்துக்குப் பையன் கையை எடுத்துவிட்டான். அது உடைகிற சத்தமில்லை, கொக்கி விடுகிற சத்தம். எங்கேயாவது ஓர் இடம் மட்டும் அசையாமல் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ஸ்டிக்கருக்கோ ரப்பர் காலுக்கோ அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

மூடி வந்தது. கறுப்புப் பலகை, இரண்டு ஃபேன், செப்புக் குழாய்கள், கீழே பேட்டரி. முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் இரண்டு பக்கமும் நகத்தால் பிடித்து நகர்த்தினான். அதை எடுக்கும்வரை வேறு எதையும் தொடவிடவில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாகவே இருந்தேன்.

ஃபேன் இடுக்கில் இரண்டு வருஷத் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தோம். இத்தனை நாள் சூடாகிறது, சூடாகிறது என்று அவன் புலம்பியதற்குப் பாதிக் காரணம் அங்கே இருந்தது.

வலது பக்க ஃபேனுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அந்த ஸ்லாட். காலி.

"இவ்வளவு நாளா இது இங்கேயே இருந்துச்சா மாமா?"

அதன் முனையில் எம்2 அளவுக் குட்டி ஸ்க்ரூ ஒன்று, தாங்கியிலேயே திருகி வைத்திருந்தார்கள். எல்லா லேப்டாப்பிலும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது. அரிசி மணியளவு ஸ்க்ரூ இல்லாமல் இரவு நேரத்தில் வேலை நின்றுபோவது பலருக்கு நடக்கிறது. டிஸ்க் வாங்கும்போதே ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைச் சாய்வாக, சுமார் 30 டிகிரியில் பிடித்து ஸ்லாட்டுக்குள் தள்ள வேண்டும். தங்கப் பற்கள் ஏறக்குறைய முழுதும் உள்ளே மறையும். விட்டால் மறுமுனை ஸ்பிரிங் போல மேலே நிற்கும், அதுதான் சரி. மெதுவாகக் கீழே அழுத்தி ஸ்க்ரூவைப் போட வேண்டும். ஆடாமல் நின்றால் போதும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. ஸ்லாட்டுக்கு மேலே மூடியில் சூடு கடத்தும் பட்டை ஒட்டியிருந்தால் அதன் மேலுள்ள தாளை உரித்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பு, மூடி, இட்லித் தட்டு வரிசையில் ஸ்க்ரூக்கள். தூசி எடுத்த நேரத்தையும் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆயிற்று.

ஆன் செய்தான். சி டிரைவ் மட்டும்தான் இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. இந்த இடத்தில் பலர் டிஸ்க் பழுது என்று கடைக்கு ஓடுகிறார்கள். புது டிஸ்க் கோடு போடாத நோட்டு; விண்டோஸ் அதில் எழுதத் தொடங்க நாம் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், எந்த வகையில் தொடங்க என்று கேட்கும். ஜிபிடி என்று சொல்லுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் காணாது. பிறகு காலி இடத்தில் புது வால்யூம், என்டிஎஃப்எஸ், டி என்ற எழுத்து. அவ்வளவுதான். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை மட்டும் நம்பாதீர்கள், அவை இடம் மாறுவதுண்டு. கொள்ளளவைப் பார்த்து எது புதியது என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தவறாக அழித்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

"931 ஜிபிதான் காட்டுது. 69 ஜிபி ஏமாத்திட்டாங்க மாமா!"

யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-ஆல் மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. ஒரே நிலத்தை ஒருவர் சென்ட்டில் அளந்தும் ஒருவர் குழியில் அளந்தும் சொல்வது போலத்தான்.

விளையாட்டுகளைக் கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். ஸ்டீமில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் பகுதியில் புது டிரைவைச் சேர்த்து, விளையாட்டைத் தேர்ந்தெடுத்து நகர்த்து என்றால் அதுவே கொண்டுபோய் வைக்கும். மறுபடி 150 ஜிபி இறக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

வாரண்டி

அக்கா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "தம்பி, பிரிச்சா கம்பெனிக்காரன் கைவிரிச்சிட மாட்டானா?"

நியாயமான கேள்வி. பல நிறுவனங்கள் எஸ்எஸ்டி சேர்ப்பதைப் பயனரே செய்யலாம் என்று கையேட்டிலேயே எழுதுகின்றன. சிலர் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டி, கிழிந்தால் வாரண்டி போச்சு என்கிறார்கள். அமெரிக்காவில் 2018-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இப்படி நிபந்தனை போட்ட ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் தொடங்கியது. வாங்கியவருக்குத் தன் பொருளைத் திறக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் வாரண்டி மிச்சமிருந்தால், திறக்கும் முன் சர்வீஸ் மையத்துக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது.

ஸ்லாட்டே இல்லாத லேப்டாப் என்றால்? இருப்பதை எடுத்துவிட்டுப் பெரிய டிஸ்க் போடலாம். இல்லையென்றால் வெளியே யுஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டி. நொடிக்கு 1,000 எம்பி படிக்கும் வகைகள் தாராளமாக இருக்கின்றன, விளையாட்டும் அதிலிருந்தே ஓடும். டிவிடி டிரைவ் இருந்த காலத்து லேப்டாப் என்றால் அந்த இடத்தில், டிஸ்க்கைத் தாங்கும் கேடி (caddy) என்ற சட்டத்தை மாட்டலாம். 9.5, 12.7 என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்குங்கள்.

டி டிரைவ் வந்த மகிழ்ச்சியில் பையன், "இனி போட்டோ எல்லாம் ரெண்டு டிஸ்க்லயும் வச்சிடுறேன் மாமா, சேஃப்" என்றான். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் என் நண்பர் ஒருவரின் லேப்டாப்பும், அதன் நகல் இருந்த டிஸ்க்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் உட்பட எதுவும் மிஞ்சவில்லை. ஒரே பைக்குள், ஒரே மூடிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகவே திருடு போகும், ஒன்றாகவே நனையும். நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். அவன் படங்களின் நகல் இப்போது திண்டுக்கல்லில் அக்காவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

கல்லூரி திறந்து மூன்றாவது வாரம் மறுபடி போன். பின்னால் நாலைந்து பையன்களின் குரல்.

"மாமா, ரூம்மேட்டோட லேப்டாப்பைத் திறக்கப் போறோம். கையேடு பாத்தாச்சு, என்விஎம்இ ஸ்லாட்தான். சாவி நம்பரும் எழுதியாச்சு."

"சரி, அப்புறம் என்ன?"

"ஹாஸ்டல்ல இட்லித் தட்டு தர மாட்டேங்கிறாங்க."

"மெஸ்ஸுல முட்டை அட்டை இருக்கும், கேட்டு வாங்கு."